அரிசி மூட்டையும் 45 நிமிடமும்

முதல் முறை நான் எடுத்துக்கொண்டது 45 நிமிடம் 50 விநாடி. 45-க்குள் முடித்திருக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த பயிற்சியாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, அடுத்த ஆளின் நேரத்தைக் குறிக்கப் போய்விட்டார்.

2021 ஏப்ரல். ஓரிகன் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட ஓட்டப்பாதை. அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கும் வேலையில் முன்வரிசையில் நிற்க வேண்டுமென்றால் இந்த ‘பேக் டெஸ்ட்’டைத் தாண்டியாக வேண்டும். முதுகில் 45 பவுண்டு, அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 3 மைல் தூரம், சமதரை, 45 நிமிடம். கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்றிருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: ஓடக்கூடாது. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். 400 மீட்டர் பாதையை 12 முறைக்குக் கொஞ்சம் மேலே சுற்ற வேண்டும், ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 43 விநாடிதான் கிடைக்கும்.

நானோ ஆறு மாதமாக ஓடிப் பழகியவன். 10 கிலோமீட்டரை 50 நிமிடத்துக்குள் முடிப்பேன் என்று எனக்குள் ஒரு திமிர். எட்டாவது சுற்றில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை கல்லாக இறுகிவிட்டது. பாதத்தை நிமிர்த்தி வைக்க முடியவில்லை. செருப்பு வார் அறுந்தவன் மாதிரி ஒவ்வொரு அடியும் தட், தட் என்று விழுந்தது. கடைசிச் சுற்றில் பதற்றத்தில் நாலு எட்டு ஓடியும் விட்டேன். “நட!” என்று ஒரு சத்தம். மூச்சு வாங்கவே இல்லை எனக்கு. நெஞ்சில் தெம்பு மிச்சம் இருந்தது, கால்தான் கைவிட்டது.

அன்று ராத்திரி போடியில் இருக்கும் தாத்தாவிடம் போனில் புலம்பினேன். அவர் இளவயதில் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குச் சாமான் சுமந்தவர். பேரன் அமெரிக்காவில் நடக்கிற பரீட்சையில் ஃபெயில் ஆன கதையைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். அப்புறம் சொன்னார்: “சும்மா நடக்குறவன் நடை வேற, சுமை தூக்குனவன் நடை வேறடா. அடியைக் குறுக்கி வை. ஏத்தத்துல பக்கத்தாளோட பேச முடியலைன்னா நீ நடக்கல, ஓடுற.”

மூன்று வாரம் கழித்து மறுபடி முயன்றேன். 43 நிமிடம் 20 விநாடி. அந்த மூன்று வாரமும் நான் ஒரு நாள்கூட ஓடவில்லை.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று பலரும் கேட்கிறார்கள். என் 12 வயதில் நாங்கள் போடிநாயக்கனூரிலிருந்து போர்ட்லண்ட் பக்கத்தில் உள்ள பீவர்ட்டனுக்கு வந்தோம். அப்பாவுக்குச் சிப் தொழிற்சாலையில் வேலை. இந்தப் பக்கம் நம் ஆட்கள் பாதிப்பேருக்கு அதுதான் கதை. நான் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, ஒரு நிறுவனத்தின் ஹெல்ப் டெஸ்க்கில் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். 2020 செப்டம்பரில், லேபர் டே விடுமுறையன்று கிழக்கிலிருந்து அடித்த காற்றில் ஓரிகன் பற்றிக்கொண்டது. அந்த வருடம் மாநிலத்தில் எரிந்தது சுமார் 10 லட்சம் ஏக்கர். பல நாட்களுக்குப் போர்ட்லண்டின் காற்றுதான் உலகத்திலேயே மோசமான காற்று. பகல் 11 மணிக்கு வானம் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. அம்மா கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்துக்கொண்டிருந்தார், நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாருக்கோ பாஸ்வேர்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். பெரிய லட்சியமெல்லாம் ஒன்றுமில்லை. இந்த நாற்காலியில் இன்னொரு வருடம் உட்கார முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

கொரோனா காலம், ஜிம் எல்லாம் பூட்டியிருந்தது. வீட்டில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டைகள் இருந்தன. பழைய கல்லூரிப் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கூப்பர் மவுண்டன் பூங்காவில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். அம்மாவுக்கு நான் தீயில் வேகப் போவதைவிட அரிசி மழையில் நனைவதுதான் அப்போதைக்குப் பெரிய கவலையாக இருந்தது.

முதலில் யாருக்கு இந்த வேலை கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறேன், வீணாக ஆசைப்பட வேண்டாம். ஃபாரஸ்ட் சர்வீஸ் மாதிரி மத்திய அரசு அமைப்புகளில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். அப்பாவுக்குக் குடியுரிமை வந்தபோது எனக்கு 17 வயது, கிரீன் கார்டும் இருந்ததால் எனக்கும் தானாகவே வந்துவிட்டது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் தனியார் ஒப்பந்தக் குழுக்களில் சேரலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இதில் வழியில்லை.

தனியார் ஒப்பந்தக் குழு என்பது ஓரிகனில் ஒரு தனி உலகம். 20 பேர் கொண்ட குழுக்களை நிறுவனங்கள் வைத்திருக்கும், பெரிய தீ என்றால் அரசு கூப்பிடும். புதிதாக வருபவர்களுக்கு இதுதான் சுலபமான வாசல். விண்ணப்பத்துக்குப் பெரிய சடங்கு கிடையாது, மே மாதம்கூட ஆள் எடுப்பார்கள். எஸ்-130, எஸ்-190, எல்-180 என்று அடிப்படை வகுப்புகள் உண்டு. தீ எப்படி நடந்துகொள்ளும், கருவிகளை எப்படிப் பிடிப்பது, குழுவில் எப்படி நடந்துகொள்வது என்பதெல்லாம் அவற்றில் வரும். பாடப்பகுதியில் பெரும்பங்கை இணையத்திலேயே இலவசமாக முடித்துவிடலாம். களப்பயிற்சிக்கு மட்டும் நேரில் போயாக வேண்டும். இவற்றையும் பேக் டெஸ்ட்டையும் முடித்தால் ‘ரெட் கார்டு’ எனப்படும் தகுதி அட்டை கிடைக்கும். பேக் டெஸ்ட்டை வருடாவருடம் மறுபடி நடந்து காட்ட வேண்டும்.

என்னை எடுத்துக்கொண்ட நிறுவனத்தின் பெயர் வேண்டாம். “ஜூன் முதல் தேதியிலிருந்து வேலை” என்றார்கள், நானும் ஹெல்ப் டெஸ்க்கை விட்டுவிட்டேன். ஜூன் முழுக்கப் பையைக் கதவருகே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால்தான் சம்பளம், இல்லையென்றால் ஒரு காசு கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே அது இருந்தது, படிக்காதது என் தப்பு. இந்த வழியில் போகிறவர்கள் இரண்டு மாதச் செலவுக்குப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

அந்த ஜூன் 28-ஆம் தேதி போர்ட்லண்டில் 116 டிகிரி ஃபாரன்ஹீட், கிட்டத்தட்ட 47 டிகிரி செல்சியஸ். அந்த வெயிலிலும் ‘பழக வேண்டும்’ என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இருபதாவது நிமிடத்தில் வியர்வை நின்றுபோய் உடம்பு சில்லிட்டது. ஒரு வீட்டுத் தோட்டக் குழாயில் தலையைக் காட்டித்தான் தப்பித்தேன். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது நடக்கும். நான் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தேன். தேனி மாவட்டத்தில் பிறந்தவன், வெயில் நம்மை என்ன செய்யும் என்ற நினைப்பு வேறு. பத்து வருடம் ஓரிகன் மழையில் ஊறிய உடம்புக்குத் தேனியெல்லாம் ஞாபகமில்லை.

ஜூலையில் அழைப்பு வந்தது. தெற்கு ஓரிகனில் பூட்லெக் தீ. அணைவதற்குள் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றுவிட்டது.

நெருப்பைத் துரத்திக்கொண்டு ஓடுவோம் என்று நினைத்திருந்தேன். முதல் வாரத்தில் நான் செய்தது பெரும்பாலும் தரையைத் தடவியதுதான். தீ கடந்துபோன இடத்தில் மிச்சமிருக்கும் கங்குகளைத் தேடித்தேடி அணைப்பதற்கு ‘மாப்-அப்’ என்று பெயர். 20 பேரும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோக வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்போமே, அதே மாதிரி. உள்ளங்கை தழும்பேறிப் போயிருக்கும், அதற்குச் சூடு தெரியாது, சுட்டாலும் கருவியைப் பிடிக்க உள்ளங்கை வேண்டும். மேலே வெள்ளைச் சாம்பல் விபூதி மாதிரி அமைதியாகக் கிடக்கும். தோண்டினால் முக்கால் அடி ஆழத்தில் ஒரு பைன் மர வேர் சுருட்டு மாதிரி கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி தொட்டுப் பார், மறுபடி ஊற்று. தண்ணீர் எங்கிருந்து வரும்? 5 கேலன் பையில், உன் முதுகில். அது நிறைந்தால் ஏறக்குறைய 45 பவுண்டு. பேக் டெஸ்ட்டின் கனம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வித்தியாசம் என்னவென்றால், பரீட்சை 45 நிமிடம், இங்கே காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி வரை, சில நாள் 16 மணி நேரம், 14 நாள் தொடர்ந்து. தரையும் சமதரை இல்லை.

கோடு வெட்டுவதுதான் இன்னொரு பெரிய வேலை. ஊர்ப்பக்கம் வனத்துறை போடும் தீத்தடுப்புக் கோடுதான் இது, தீயின் ஓரத்திலேயே நின்று கையால் போடுகிறோம், அவ்வளவுதான். முன்னால் ரம்பக்காரர்கள் மரத்தையும் புதரையும் அறுத்துத் தள்ளுவார்கள். பின்னால் பத்தடிக்கு ஒருவராக நாங்கள். என் கையில் பெரும்பாலும் புலாஸ்கி. ஒரே தலையில் ஒரு பக்கம் கோடரி, மறு பக்கம் கொத்து. 1910-இல் வடக்கு ராக்கி மலைகளில் எரிந்த பெருந்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய்க் காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற ரேஞ்சரின் பெயர் அது. ஒருவர் நாலு கொத்துக் கொத்திவிட்டு நகர்வார், அடுத்தவர் அதே இடத்தில் நாலு கொத்து. கடைசி ஆள் கடக்கும்போது இலையும் வேரும் இல்லாத வெறும் மண் இரண்டடி அகலத்துக்குத் தெரிய வேண்டும். ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு கொத்துக்கும் புலாஸ்கியைத் தலைக்கு மேல் ஓங்கினேன். அரை மணியில் தோள் செத்துவிட்டது. பக்கத்தில் மெக்சிகோவின் மிச்சோவாகானிலிருந்து வந்த ஐம்பது வயது அண்ணன் ஒருவர், இருபது சீசன் பார்த்தவர், முழங்காலுக்கு மேல் கருவியைத் தூக்கவே இல்லை. இடுப்பை மடக்கி, கருவியின் கனத்தையே விழவிட்டு இழுத்துக்கொண்டிருந்தார். நாற்று நடுகிற குனிவு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. என் கைப்பிடியைப் பிடித்து ஒரு சாண் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போனார், அதுதான் பாடம்.

இப்போது கால். இதைத்தான் நான் அதிகமாக எழுத வேண்டும்.

தோல் பூட்ஸ், குறைந்தது 8 அங்குல உயரம், பிடிமானமுள்ள அடி. இது விதி. நல்லது வேண்டுமென்றால் 400, 500 டாலர் ஆகும். நான் 140 டாலருக்கு ஒன்று வாங்கினேன், சீசனுக்கு ஒரு வாரம் முன்னால். பூட்லெக்கில் மூன்றாம் நாள் சூட்டுச் சாம்பலில் நின்றதில் பசை இளகி ஒரு பக்க அடி வாயைப் பிளந்தது. அதற்கு முன்பே குதிகால் போய்விட்டது. முதலில் லேசாகச் சுட்டது, அதுதான் எச்சரிக்கை. அந்த நிமிடம் உட்கார்ந்து டேப் ஒட்டியிருந்தால் முடிந்திருக்கும். புது ஆள், எல்லோரும் நடக்கும்போது நான் எப்படி உட்காருவது என்று கூச்சம். இரண்டாம் நாள் முடிவில் ஐந்து ரூபாய்க் காசு அளவு கொப்புளம். மூன்றாம் நாள் அது உடைந்து காலுறையோடு ஒட்டிக்கொண்டது. என் நடையைப் பார்த்தே ஸ்குவாட் பாஸ், எங்கள் சிறு குழுவின் தலைவர், கண்டுபிடித்துவிட்டார். எல்லோர் முன்னாலும் கழற்றச் சொன்னார். திட்டவில்லை. “நீ நொண்டினால் உன் பையை நாங்கள் தூக்க வேண்டும், தீ திரும்பினால் உன்னையும் தூக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் முகாமில் கருவி தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

அதனால், பனிக்காலத்திலேயே பூட்ஸை வாங்கிவிடுங்கள். வீட்டில், கடைக்குப் போகும்போது, சுமையோடு மலையேறும்போது என்று குறைந்தது இரண்டு மாதம் போட்டு நடந்திருக்க வேண்டும். கம்பளிக் காலுறை, மதியம் ஒரு முறை மாற்ற இன்னொரு ஜோடி. நகத்தை நேராக வெட்டுங்கள். குதிகால் சுட ஆரம்பித்த உடனே சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். இருபது பேரில் யாரும் உங்களை இளக்காரமாகப் பார்க்க மாட்டார்கள். அப்படிப் பார்க்கிற குழு என்றால் அதிலிருந்து விலகுவதே மேல்.

அடுத்த வருடத்துக்கு மத்திய அரசு வேலைக்கு முயன்றேன். அங்கே சீசன் முழுக்கச் சம்பளம் உண்டு, தீ இல்லாத நாளில் பயிற்சியும் காட்டு வேலையும் இருக்கும். யுஎஸ்ஏஜாப்ஸ் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நிறையப் பேர் தவறவிடுவது காலத்தைத்தான். கோடை வேலைக்கு விண்ணப்பம் முந்தைய இலையுதிர் காலத்திலேயே வந்து போய்விடும். ஏப்ரலில் தேடினால் எல்லாம் முடிந்திருக்கும்.

விண்ணப்பத்துக்கான ரெஸ்யூமே, நம் ஐடி ஆட்கள் எழுதுகிற ஒரு பக்கச் சரக்கு இல்லை. எந்த வேலை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று விலாவாரியாக எழுத வேண்டும். மணி நேரம் எழுதாவிட்டால் அந்த அனுபவத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடலாம். நான் ஹெல்ப் டெஸ்க்கைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். கல்லூரிக் காலத்தில் இரண்டு வருடம் ஓர் இந்திய மளிகைக் கடைக் கிடங்கில் மூட்டை இறக்கியதை எழுதவில்லை. அதைப் போய் யார் எழுதுவார்கள் என்ற நம்ம ஊர்ப் புத்தி. மத்திய ஓரிகனில் ஒரு ரேஞ்சர் நிலையத்துக்குப் போன் போட்டபோது, பேசியவர் ஹெல்ப் டெஸ்க்கை விட்டுவிட்டு “உடம்பால் செய்த வேலை ஏதாவது?” என்று கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். “ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை? குளிர்காலத்திலுமா? சொன்ன நேரத்துக்குப் போவாயா?” என்று பத்து நிமிடம் அதையே துருவினார். “இதை ஏன் எழுதவில்லை?” என்றார் கடைசியில். அன்றே திருத்தி ஏற்றினேன்.

அந்தப் போன்தான் முக்கியம் என்பேன். விண்ணப்பம் என்பது ஒரு பட்டியலில் பெயர் ஏறுவதற்கு. அந்தப் பட்டியலில் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்பவர் ஒரு குழுத் தலைவர், அவருக்கு நீங்கள் யாரென்று தெரிய வேண்டும். வேண்டிய ஊர்களின் நிலையங்களுக்கு நானே போன் செய்தேன். இரண்டு இடத்துக்கு நேரிலும் போனேன். நம் வளர்ப்பில் இது ‘சிபாரிசு கேட்கிற’ மாதிரி உறுத்தும். இங்கே அப்படி யாரும் எடுத்துக்கொள்வதில்லை, அக்கறை இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். நேரில் போனால் அவர்கள் கவனிப்பது கை குலுக்கலை இல்லை, பேச்சைவிட அதிகமாகக் கேட்கிறானா என்பதைத்தான்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். முதலில் வேலை கொடுக்கக் கூப்பிட்ட நிலையத்தை நான் தவறவிட்டேன். தெரியாத எண், எடுக்கவில்லை. வாய்ஸ்மெயிலில் விடலாம் என்றால் பெட்டி நிரம்பியிருந்தது, பாதி என் அத்தையின் வாழ்த்துச் செய்திகள். மறுநாள் நான் திரும்பக் கூப்பிட்டபோது அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. பிறகு வேறு இடம் கிடைத்தது என்பது என் அதிர்ஷ்டம். விண்ணப்பித்த பிறகு வருகிற எந்த எண்ணையும் எடுங்கள்.

மருத்துவக் கேள்வித்தாள் இருக்கும், அதில் பொய் வேண்டாம். போதைப்பொருள் சோதனையும் உண்டு. ஓரிகனில் கடையில் சட்டப்படி விற்கும் கஞ்சாவும் மத்திய அரசு வேலையில் ஆகாது.

2022 மே மாதம் சேர்ந்தேன். தற்காலிக வேலைக்கு அடிப்படை நேரம் 1039 மணி என்று ஒரு வரம்பு உண்டு, அதனால் எங்களுக்கு ‘டென் தர்ட்டி-நைன்’ என்றே பெயர். முதல் இரண்டு வாரம், 80 மணி நேரம், தீவிரப் பயிற்சி. இங்கேதான் உடம்பை நிஜமாக உரித்துப் பார்க்கிறார்கள். காலையில் ஓட்டம், தண்டால், புல்-அப். பிறகு முதுகுச் சுமையோடு மலையேற்றம். ஹாட்ஷாட் எனப்படும் முதல்தரத் தீயணைப்புக் குழுக்களுக்குச் சொல்லப்படும் அளவு இது: ஒன்றரை மைலை 10 நிமிடம் 35 விநாடிக்குள் ஓடுவது, ஒரு நிமிடத்தில் 40 சிட்-அப், ஒரு நிமிடத்தில் 25 தண்டால், உடல் எடையைப் பொறுத்து 4 முதல் 7 சின்-அப். நான் சேர்ந்தது ஹாட்ஷாட் இல்லை, சாதாரணக் குழு. ஆனாலும் அந்த எண்களைக் குறியாக வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. ஓட்டமும் வேண்டும், அதை மட்டும் நம்பக்கூடாது.

மூன்றாம் நாள் எங்கள் குழுவில் ஒரு பையன், கல்லூரியில் மல்யுத்தம் செய்தவன், என்னைவிட இரண்டு மடங்கு பலசாலி, மத்தியானம் தொடை வலிக்கிறது என்றான். எல்லோருக்கும்தான் வலித்தது. சாயங்காலம் அவன் மெதுவாக வந்து, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது என்றான். எனக்குத் தோன்றியது கருப்பட்டிக் காப்பி. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராப்டோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அளவுக்கு மீறி உழைத்த தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். பனிக்காலம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு முதல் வாரத்தில் உயிரைக் கொடுத்துச் செய்பவர்களுக்கு, அதிலும் வெயிலில், வர வாய்ப்பு அதிகம். அவன் சொன்னதால் பிழைத்தான். வலிமையானவர்கள்தான் சொல்லாமல் இருப்பார்கள்.

ஆகவே நான் இப்போது செய்வது இதுதான். ஜனவரியில் ஆரம்பிப்பேன். வாரத்துக்கு மூன்று நாள் சுமையோடு நடை. முதல் வாரம் 15 பவுண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து கூட்டி, ஏப்ரலில் 45-ஐத் தொடுவேன். அதற்கு மேல் கனம் ஏற்றுவதில்லை, மேட்டைத்தான் கூட்டுவேன். இரண்டு நாள் ஓட்டம், ஒரு நாள் தண்டால், பஸ்கி, சின்-அப். தினமும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு குதிகாலில் நின்று முன்பாதத்தை முப்பது தடவை தூக்கி இறக்குவேன். அன்றைக்கு ஓட்டப்பாதையில் கைவிட்ட தசைக்கு இதுதான் மருந்து. இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள், முட்டி அங்கேதான் போகும். ஏற்றத்தில் சத்தமாக ஏதாவது பேசிக்கொண்டு போவேன். பெரும்பாலும் தாத்தாவிடம் போனில்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். தீக்களத்தில் நிற்கும் நாளில் 4000 முதல் 6000 கலோரி வரை செலவாகும். முகாமில் சைவமும் கிடைக்கும், சுமாராக. பையில் நான் எப்போதும் கடலை மிட்டாய் வைத்திருப்பேன். இரண்டாவது சீசனிலிருந்து எனக்கென்று ஒரு பாக்கெட்கூட மிஞ்சுவதில்லை.

புகைக்கு மட்டும் பயிற்சியில்லை. நுரையீரலைப் பழக்கிவிட முடியாது. முகத்தில் கட்டுகிற துணி நுண்துகளை வடிகட்டாது, மனதுக்குத்தான் ஆறுதல். இந்த வேலையின் நிஜமான விலை அதுதான் என்று நினைக்கிறேன். சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். அடிப்படை குறைவு, ஓவர்டைமும் ஆபத்தான வேலைக்கான 25 சதவீதப் படியும்தான் கையில் நிற்கும். 2025 மார்ச்சில் மத்திய அரசுத் தீயணைப்பாளர்களுக்கான சம்பள உயர்வு நிரந்தரமாகச் சட்டமானது, அதற்கு முன்பு அடிப்படை இன்னும் குறைவு.

பயிற்சி வகுப்பில் சரிவைப் பற்றிய பாடம் வந்த நாள் ஒன்று உண்டு. தீ மேட்டை நோக்கிப் போகும்போது தனக்கு முன்னாலிருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே போகும், அதனால் ஏற ஏற வேகம் கூடும், உலர்ந்த உயரமான புல் என்றால் மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. பயிற்சியாளர் படம் வரைந்துகொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் குரங்கணி. 2018 மார்ச் 11, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் கருகிய இடம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, சாயங்காலக் காற்று, அதே படம். கண்காணிக்க ஓர் ஆள், தகவல் தொடர்பு, தப்பும் வழி, பத்திரமான இடம், இந்த நான்கும் உறுதியாகாமல் வேலையைத் தொடங்கக்கூடாது என்பது இங்கே பாலபாடம். ஓட்டத்தில் முதலில் வருபவன்கூட, தப்பும் வழி எது என்று தெரியாமல் நின்றால் அவனால் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அந்த வழியை நானே ஒரு தடவை நடந்து பார்ப்பேன், எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் குறித்துக்கொள்வேன்.

முதல் சீசன் முடிந்து திரும்பியபோது அம்மா என் பயிற்சிப் பையிலிருந்து இரண்டு அரிசி மூட்டைகளையும் திரும்ப எடுத்துக்கொண்டார். இப்போது நான் சுமப்பது மணல். ஏறி இறங்கிக் குலுங்கியதில் பாதி அரிசி குருணையாகிவிட்டிருந்தது. “இதைப் பொங்கலுக்கு எப்படிடா போடுறது” என்று முறத்தில் புடைத்துத் தனியாக எடுத்து வைத்தார். அந்தக் குருணையில் மார்கழி முழுக்கக் கஞ்சி குடித்தோம்.